விளையாட்டின் நடுவே அணைந்துபோகும் கணிப்பொறி

மேஜைக் கணிப்பொறி ஒன்று காலை முதல் மாலை வரை கணக்கு எழுதுகிறது, கடிதம் தட்டுகிறது, பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூலின் எடையைக் கூட்டிச் சொல்கிறது, ஒரு குறையும் இல்லை. அதே பொறியில் இரவு வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால், அரைமணி நேரத்துக்குள் திரை இருண்டு, பொறி முழுவதும் அணைந்துவிடுகிறது. உடனே பொத்தானை அழுத்தினால் எழுந்திருப்பதில்லை. எழுந்தாலும் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அணைகிறது. சற்றுப் பொறுத்து அழுத்தினால், ஒன்றும் நடவாததுபோல் வேலை செய்கிறது. இதற்குக் காரணம் யாது, செய்ய வேண்டுவது யாது என்று அங்கத்தினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கூட்டுறவு ஆய்வாளரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று சிலர் நகைக்கலாம். ஆனால் பழுது பார்க்கும் செலவுக்காக வீட்டு நகை சங்கத்தின் பெட்டகத்துக்கு வந்து சேரும்போது, அது நம்முடைய விஷயமும் ஆகிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். இவ்வாறு அணைவது பெரும்பாலும் பொறி கெட்டுப்போனதன் அடையாளமன்று. கெடாமல் இருப்பதற்காகப் பொறி தானே செய்துகொள்ளும் காரியம். உள்ளே உஷ்ணம் எல்லை மீறியதும் அது தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக் கொள்கிறது. ஆகையால் நாம் ஆராய வேண்டுவது எந்தப் பாகம் செத்தது என்பதை அன்று. உஷ்ணம் எவ்விடத்தில் தேங்கியது என்பதை. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில வேளைகளில் பல ஆயிரம் ரூபாயாக இருக்கும்.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

தறி ஓடினால் துணி மிஞ்சுகிறது. பம்புசெட் ஓடினால் கிணற்று நீர் மேலே ஏறியிருக்கிறது. கணிப்பொறி செய்யும் வேலைக்கோ எடையும் இல்லை, உயரமும் இல்லை. அதற்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே மாறுகிறது. அந்த உஷ்ணத்தின் பெரும் பங்கு இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று செயலி, மற்றொன்று, தனியாகப் பொருத்தப்பட்டிருந்தால், கிராபிக்ஸ் கார்டு. இவற்றின் நடுவிலுள்ள சில்லு சில வேளை கட்டைவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிதாக இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் நூறு வாட், இருநூறு வாட் என்று உஷ்ணம் பிறப்பதுதான் இங்கே தொல்லை.

கணக்கு எழுதும்போது கணிப்பொறி பெரும்பாலும் சும்மா இருக்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும். நாம் ஓர் எழுத்தைத் தட்டி மறு எழுத்தைத் தட்டுவதற்குள் செயலிக்கு ஒரு யுகம் கழிந்துவிடுகிறது. அதுவரை அது உறங்கிக் கொண்டிருக்கிறது. விளையாட்டில் அப்படியில்லை. இன்றைய சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். விளையாட்டு இத்தனை புள்ளிகளுக்கும் வினாடிக்கு அறுபது தடவை புதிதாக நிறம் கணித்துப் படம் தீட்டுகிறது. அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு கோடிப் புள்ளிகளுக்கு மேல். ஒவ்வொரு மிதிக்கும் அச்சு அட்டையை மாற்றிப் புதிய பூவேலை நெய்யச் சொன்னால் ஜக்கார்டுத் தறிக்கு என்ன பாடு இருக்குமோ, அந்தப் பாடு கிராபிக்ஸ் கார்டுக்கு. அலுவலக வேலையில் ஐம்பது முதல் எண்பது வாட் வரை இழுக்கும் பெட்டி, நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால், விளையாட்டின்போது முந்நூறு வாட்டையும் எட்டும். நம் வீடுகளில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்புகளில் ஐந்தை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடி வைத்ததற்கு அது சமம்.

ஆகவே பகலில் ஒழுங்காக ஓடும் பொறி இரவில் அணைவதில் மர்மம் ஒன்றும் இல்லை. மிதமான உஷ்ணத்தைக் கடத்திவிடக்கூடிய பாதை, ஐந்து மடங்கு உஷ்ணம் வந்ததும் போதாமற் போகிறது. அப்பாதை எது என்பதைப் பார்ப்போம்.

சில்லில் பிறந்த உஷ்ணம் அதன் மேலுள்ள உலோக மூடிக்கு வருகிறது. மூடிக்கும் ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகட்டு அடுக்குக்கும் இடையில் ஒரு பசை தடவியிருக்கும். தெர்மல் பேஸ்ட் என்பார்கள். பசையைக் கடந்து உஷ்ணம் அலுமினியத் தகடுகளுக்குப் பரவுகிறது. விலை கூடிய சிங்க்குகளில் செம்புக் குழல்கள் உண்டு. அவற்றுக்குள் அடைத்த சிறிதளவு நீர் சில்லின் பக்கத்தில் ஆவியாகி, தகடுகளின் பக்கத்தில் குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்புகிறது. தகடுகளின்மேல் விசிறி காற்றை ஊதுகிறது. சூடேறிய காற்றைப் பெட்டியின் பின்விசிறி அறைக்குள் தள்ளுகிறது. அறையிலிருந்து அது ஜன்னல் வழியே போக வேண்டும். இது ஒரு வாய்க்கால் போன்றது. தலைமடை முதல் கடைமடை வரை எவ்விடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் தண்ணீர் அவ்விடத்தில் ஏறிக்கொண்டு வரும். கடைமடை அடைபட்டிருக்கத் தலைமடையில் மண்வெட்டி போடுவது வீண் வேலை.

பொறி தன்னைத் தானே காத்துக் கொள்ளும் விதம்

இந்தத் தற்காப்பு எல்லாக் காலத்திலும் எல்லாப் பொறிகளிலும் இருந்ததன்று. 2001-ஆம் ஆண்டு தாமஸ் பாப்ஸ்ட் என்பவர் தொடங்கிய 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்னும் கணிப்பொறி ஆய்வு வெளியீடு ஒரு பரீட்சை செய்து படமெடுத்து வெளியிட்டது. விளையாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த சிங்க்கை எடுத்துவிட்டார்கள். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தள்ளாடியபடி ஓடியது. சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்தை அடைந்தது. அதே நிறுவனத்தின் பென்டியம் 3 நின்றுபோயிற்று; ஆனால் பிழைத்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அன்றைய ஆத்லான் செயலியோ கண் இமைப்பதற்குள் புகைந்து கரிந்தது. அப்படம் உலகெங்கும் பேசப்பட்டது. இன்று இரு நிறுவனத்தாரின் செயலிகளிலும் காவல் உண்டு.

காவல் இரண்டு படியாக வேலை செய்கிறது. இன்டெல் செயலிகள் பலவற்றில் 100 டிகிரி சென்டிகிரேட், ஏ.எம்.டி.யின் அண்மைக் காலச் செயலிகளில் 90 அல்லது 95 டிகிரி என்ற எல்லையை நெருங்கும்போது செயலி முதலில் வேகத்தைக் குறைக்கிறது. அப்பொழுது விளையாட்டு விக்கி விக்கி நகரும். அதற்கும் உஷ்ணம் இறங்காவிடில் அடுத்த படியாக மின்சாரத்தை வெட்டிவிடும். கிராபிக்ஸ் கார்டுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. அவற்றில் பல 83 டிகிரியை ஒட்டியே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. ஆதலின், அணைவதற்கு முன் விளையாட்டு மந்தமாயிற்றா என்று பிள்ளைகளைக் கேட்பது மிகவும் பிரயோஜனமான கேள்வி. மந்தமாகிப் பின் அணைந்தால் உஷ்ணத்தின்மேல் சந்தேகம் வலுக்கிறது.

நமது ஊரின் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை குமரிக்கு வருமுன் சற்றே இடைவிட்டு வழிவிடும் கணவாய் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே குவிந்து பாய்வதனால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்து உண்டு எழுந்தால், இலையைச் சுற்றி மண் கோலம் போட்டிருக்கும். வயற்புறத்து மண், பாதையின் புழுதி, செங்கற்சூளைகளின் சாம்பல் ஆகிய மூன்றும் அக்காற்றில் உண்டு. தறியுள்ள வீடானால் நான்காவதாகப் பஞ்சுத்தூசியும் சேரும். காற்றினால் மின்சாரம் செய்யும் ஊரில், காற்றோட்டம் இன்றிக் கணிப்பொறி மூர்ச்சையாவது வேடிக்கைதான்.

பஞ்சுத்தூசிக்கு ஒரு குணம் உண்டு. வெறும் மண் தகடுகளினூடே பெரும்பகுதி பறந்து போய்விடும். பஞ்சிழையோ தகடுகளின் வாயிலில் குறுக்கே படுத்துக்கொண்டு, வருகிற மண்ணையெல்லாம் பிடித்து நிறுத்தி, கம்பளி போல் ஒரு மெத்தை பின்னிவிடுகிறது. இந்த மெத்தை விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் இருக்கும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு விசிறி தென்படும், அது சுழல்வதும் தென்படும், மெத்தை தென்படாது. விசிறியின் இறக்கைகளைத் துணியால் துடைத்துவிட்டுச் சுத்தம் செய்தாயிற்று என்று திருப்தியடைவோர் பலர்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஆரல்வாய்மொழியை அடுத்த ஒரு சிற்றூரில் நகைக்கடன் விண்ணப்பம் ஒன்று நமது பார்வைக்கு வந்தது. விண்ணப்பித்தவர் நெசவாளி. மகனுடைய கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது கடனின் நோக்கம். மகன் பகலில் அப்பொறியில் சேலைக் கரைகளுக்குப் பூவேலை வரைகிறான். அந்த வருவாய் குடும்பத்துக்கு வேண்டியிருக்கிறது. இரவில் விளையாடுகிறான், அப்போதுதான் பொறி அணைகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் பெட்டியைத் திறவாமலே, கார்டு போயிற்று என்று தீர்ப்புக் கூறிவிட்டார். தந்தையோ, "ராத்திரி முழுக்க வெளையாடுனா மெஷின் என்ன சார் செய்யும், அதுவும் மனுசன் மாதிரி தானே?" என்றார். தீர்ப்புகள் இரண்டுமே பொறியைப் பார்க்காமல் சொன்னவை. பெட்டி தறிக்கு நாலடி தூரத்தில், தரையில் இருந்தது. செயலியின் விசிறியைக் கழற்றியதும் அதனடியில் விரற்கனத்துக்குப் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. கார்டின் தகடுகளிலும் அப்படியே. இரண்டையும் அகற்றியபின், நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த செயலி எண்பதைத் தாண்டவில்லை. அன்றிரவு மகன் இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்தான். மறுநாள் அந்தக் கடன் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

நேரத்தைக் கவனித்தால் நோய் தெரியும்

எதையும் கழற்றுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பொறி எத்தனை நிமிஷத்தில் அணைகிறது என்று மூன்று நான்கு தடவை குறித்துக் கொள்வது மிகமிக அவசியம். நமது அனுபவத்தில் இதைக் காட்டிலும் சிறந்த வைத்தியர் இல்லை.

விளையாட்டு தொடங்கிய சில வினாடிகளில், அல்லது ஒரு நிமிஷத்தில் அணைந்தால், குற்றம் வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறது. சிங்க் செயலியின்மேல் சரியாகப் பதியவில்லை, அல்லது பசை அறவே காய்ந்துவிட்டது, அல்லது விசிறி சுழலவில்லை. இன்டெல் செயலியுடன் வரும் சிங்க் நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்டில் பிடித்து நிற்பது. பேருந்திலோ ஆட்டோவிலோ பெட்டியைக் கொண்டு செல்லும்போது ஒரு முளை கழன்றுவிட்டாலும் போதும். சிங்க் மயிரிழை அளவு தூக்கிக்கொள்ளும், செயலி நூறு டிகிரிக்குத் தாவிவிடும். முளையை மறுபடி அமுக்கினால் நோய் தீர்ந்தது. செலவு ஒன்றுமில்லை.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று ஏறக்குறைய ஒரே அளவில் அணைந்தால், தகடுகளில் தூசி, அல்லது பெட்டியில் காற்றோட்டக் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் காற்று சிறிது சிறிதாகச் சூடேறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பங்குனி, சித்திரையில் சீக்கிரமாகவும், மார்கழியில் தாமதமாகவும் அணைவதும் இதற்கு அடையாளம். அறையில் பத்து டிகிரி ஏறினால், உள்ளேயும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும் என்று கொள்ளலாம்.

நேரத்துக்கு ஒரு கணக்கும் இன்றி, ஒருநாள் இரண்டு நிமிஷத்திலும் மற்றொருநாள் இரண்டு மணி நேரத்திலும் அணைந்தால், உஷ்ணத்தை மட்டும் குற்றம் சொல்லலாகாது. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, நினைவகப் பட்டை, மென்பொருள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நீலத்திரை காட்டி மறுபடி துவங்குவதும், விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடுவதும் பெரும்பாலும் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. விண்டோஸ் தன் நிகழ்ச்சிக் குறிப்பில் 'கெர்னல் பவர் 41' என்று எழுதி வைத்திருக்கும். அதைக் காட்டி எஸ்.எம்.பி.எஸ். போயிற்று என்று சொல்வோர் உண்டு. ஒழுங்காக மூடப்படாமல் பொறி நின்றது என்பதே அதன் பொருள்; காரணம் அதில் இராது.

நேரத்தைக் குறித்தபின் உஷ்ணத்தைப் பார்க்கலாம். விண்டோஸ் 10, 11 உள்ள பொறிகளில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், தனிக் கிராபிக்ஸ் கார்டின் உஷ்ணம் செயல்திறன் பக்கத்தில் தெரியும். செயலியின் உஷ்ணத்தைக் காண எச்.டபிள்யூ. இன்ஃபோ போன்ற மென்பொருள் வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு இலவசமே. அதில் பதிவு செய்யும் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால், அணைந்த பிறகும் கடைசியாக இருந்த உஷ்ணத்தைப் பார்க்க முடிகிறது. சும்மா இருக்கையில் 35 முதல் 50 டிகிரி, விளையாட்டில் 60 முதல் 85 டிகிரி என்றால் நமது சீதோஷ்ணத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. சும்மா இருக்கும்போதே எழுபதைத் தாண்டினால் தலைமடையைப் பார்க்க.

மென்பொருளில் பழக்கமில்லாதோர்க்கு வேறொரு பரீட்சை உண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை விசிறி ஒன்றை இரண்டடி தூரத்தில் வைத்துப் பெட்டிக்குள் ஊதவிட்டு விளையாடச் சொல்லலாம். இப்பொழுது அணையவில்லையானால் குற்றம் உஷ்ணமே. இது பரீட்சைக்கு மாத்திரம். இதையே நிரந்தர ஏற்பாடாக்கினால் தூசி இரட்டிப்பாகும், குழந்தைகளின் விரலுக்கும் ஆபத்து.

சுத்தம் செய்யும் முறை

உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று முதலில் ரசீதைப் பார்க்க வேண்டும். முடியவில்லையானால் சிங்க்கையோ கார்டையோ கழற்றாமல் விற்றவரிடமே கொண்டு செல்வது நல்லது. முடிந்திருந்தால் நாமே செய்யலாம், கடினமன்று.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் இறங்கும். பெட்டியைத் திண்ணைக்கு எடுத்துச் செல்லுங்கள். வர்ணம் அடிக்கும் மெல்லிய புதுத் தூரிகையால் தகடுகளைத் துடைத்து, கையால் இயக்கும் காற்றுப் பம்பினாலோ சிறிய புளோயரினாலோ ஊதலாம். ஊதும்போது விசிறியைச் சுழல விடாமல் விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் மிதமிஞ்சிச் சுழன்றால் அதன் அச்சுத் தேய்ந்துவிடும். வீடு பெருக்கும் வாக்கும் கிளீனரை உள்ளே நுழைக்க வேண்டாம். அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகிச் சில்லைக் கொல்லக்கூடும். ஈரத்துணி அறவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக் கொள்ளவும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் கொடிய மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் அதன் திருகாணியைத் தொடலாகாது.

நான்கைந்து ஆண்டு ஆன பொறியானால் பசையையும் மாற்றுவது உசிதம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய பசையை இருபுறமும் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசையை நடுவில் இட்டால் போதும். சிங்க் அமுங்கும்போது தானே பரவும். சந்தனம்போல் அப்புவதில் நன்மையில்லை. பசையின் வேலை இரண்டு உலோகங்களுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதே. உலோகத்தைவிட அது உஷ்ணத்தை மந்தமாகவே கடத்துகிறது. ஏ.எம்.டி. செயலிகளில் ஓர் எச்சரிக்கை: காய்ந்த பசை பிசின்போல் பிடித்துக்கொண்டு, சிங்க்கை இழுக்கும்போது செயலியும் பிடுங்கிக்கொண்டு வருவதுண்டு. பொறியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கையில் சிங்க்கை மெல்லத் திருகி எடுத்தால் அவ்விபத்து நேராது.

வைக்கும் இடம் பற்றிச் சில வார்த்தை. கணிப்பொறி மேஜையின் அடியில் கதவுள்ள அலமாரி ஒன்று உண்டு. பெட்டியை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். பெட்டி விட்ட சூட்டையே மீண்டும் மீண்டும் அது சுவாசிக்கிறது. பின்புறம் சுவரிலிருந்து முக்கால் அடியாவது விலகியிருக்க வேண்டும். தூசி படாதிருக்கப் பூவேலைத் துணியால் போர்த்துவது அணைத்து வைத்திருக்கையில் நல்ல வழக்கம். ஓடும்போது போர்த்துவது பொறிக்குப் போர்வையில் காய்ச்சல் வரவழைப்பது. தறியும் ராட்டையும் உள்ள அறையைவிட மற்றோர் அறை மேல். வேறு அறை இல்லாதவர்கள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்து, காற்று நுழையும் முன்பக்கத்தில் நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டி, ஆடி மாதத்தில் வாரம் ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் அலசிக் காயப்போடலாம். விசிறி மாற்றினால் அதன் சட்டத்திலுள்ள அம்புக்குறியைப் பார்க்க: முன்விசிறி உள்ளே ஊத வேண்டும், பின்விசிறி வெளியே தள்ள வேண்டும். இரண்டும் உள்ளே ஊதும்படி மாட்டிய பெட்டிகளை நாம் கண்டதுண்டு.

உஷ்ணம் அல்லாத காரணங்கள்

சுத்தம் செய்தும், எண்பது டிகிரியைத் தாண்டாமலும் பொறி அணைந்தால் யு.பி.எஸ்.ஸைக் கவனிக்க. கடைகளில் பெரும்பாலும் விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட் வரையில்தான் சுமக்கும். விளையாட்டின்போது பெட்டி முந்நூறு வாட் இழுக்க, திரை முப்பது வாட் இழுக்க, பேட்டரியும் பழையதாக இருந்தால், அது கைவிட்டுவிடும். பொறியை யு.பி.எஸ். இல்லாமல் நேரே சுவரில் செருகி ஒருநாள் பார்த்தால் விளங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். விஷயமும் இவ்வாறே. பெட்டியோடு இலவசமாக வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பிற்பாடு கிராபிக்ஸ் கார்டைச் செருகியவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். விளையாட்டில் திடீரென்று பெரிய காட்சி வந்த கணத்தில், மந்தம் ஏதுமின்றி, கம்பியைப் பிடுங்கினாற்போல் அணைவது இதன் அடையாளம்.

சில வேளைகளில் குற்றம் வீட்டாருடையதும் அன்று, ஊர்ப் புழுதியினுடையதும் அன்று. 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார்கிராப்ட் 2' என்னும் விளையாட்டில், போர் நடக்கும்போது அல்லாமல் வெறும் பட்டியல் திரை தோன்றும்போது பலருடைய கார்டுகள் கொதித்தன. அத்திரையில் வேலை குறைவு. ஆகவே கார்டு வினாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களைத் தன் போக்கில் தீட்டித் தள்ளியது. படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும்படி பிளிசார்ட் நிறுவனமே வழி சொல்லிற்று. 2007-இல் மைக்ரோசாப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் 360 பொறிகளில் நேர்ந்த பழுதுகளுக்காக உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் சில விளையாட்டின்போது நிலைகுலைந்தன. பலர் முதலில் கிராபிக்ஸ் கார்டையே சந்தேகித்தார்கள். செயலிக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் சென்றதே காரணம் என்று 2024-இல் இன்டெல் அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது. அத்தலைமுறைச் செயலி உள்ளவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துக் கொள்வதும், ரசீதைப் பத்திரமாக வைப்பதும் அவசியம்.

படங்களுக்கு வரம்பு கட்டும் உபாயம் நமக்கும் உதவும். திரை வினாடிக்கு அறுபது படம் மட்டுமே காட்டக்கூடியது என்றால், நூற்றைம்பது தீட்டுவது வயலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் நீர் இறைப்பது போன்றது. விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலோ கார்டின் கட்டுப்பாட்டு மென்பொருளிலோ அறுபது என்று வரம்பு வைத்தால், உஷ்ணம் பல டிகிரி இறங்குவதைக் காணலாம். விளையாடுவோர்க்கு வித்தியாசம் தெரியாது.

சங்க அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூன் 29-இல் மத்திய அமைச்சரவை, நாட்டிலுள்ள சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தது. சங்கப் பொறியில் விளையாட்டுக்கு இடமில்லை. அதைப்பற்றி இங்கே பேச்சும் இல்லை. ஆனால் தூசிக்கு அலுவலகமும் வீடும் ஒன்றே. வீட்டில் விளையாட்டுச் செய்யும் காரியத்தை அலுவலகத்தில் தூசி ஏறிய ஐந்தாறு ஆண்டுகள் செய்துவிடும். அப்போது பொறி அணைவது ஆண்டு முடிவுக் கணக்கின்போதாக இருக்கலாம். பங்குனிக்கு முன் ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்தபின் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஊதச் செய்வது செயலாளர்களின் கடமைப் பட்டியலில் சேரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இத்தனையும் பார்த்த பின்பும் தீராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் போகத்தான் வேண்டும். போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு செல்லுங்கள்: எத்தனை நிமிஷத்தில் அணைந்தது, அணையுமுன் மந்தமாயிற்றா, கடைசி உஷ்ணம் எவ்வளவு, யு.பி.எஸ். இல்லாமல் பார்த்தீர்களா. அதைப் படித்தவர் பெட்டியைத் திறவாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், அவரிடம் இருக்கும் நல்ல பாகம் ஒன்றை முதலில் மாட்டி, உங்கள் கண்ணெதிரே அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். ரசீதைத் தேடிப் பார்த்தால், கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் இன்னும் மிஞ்சியிருக்கலாம்.